பரப்பில் ஒட்டும் பாக்டீரியா: பயோஃபிலிம் உருவாவது எப்படி, மருந்து அங்கே தோற்பது ஏன்

ஆய்வக அறிக்கையில் ‘இந்தக் கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படும்’ என்று இருக்கிறது. மருந்தும் சரியான அளவில் ஏற்றப்படுகிறது. காய்ச்சல் இறங்குகிறது. மருந்தை நிறுத்திச் சில வாரங்களில் அதே கிருமி அதே இடத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. செயற்கை மூட்டு, செயற்கை இதய வால்வு, சிறுநீர்க் குழாய் போன்றவை பொருத்தப்பட்டவர்களுக்குத் தொற்று வந்தால் இப்படி நடப்பது உண்டு. கடைசியில் ‘பொருத்தியதை வெளியே எடுத்தால்தான் குணமாகும்’ என்று மருத்துவர்கள் சொல்லும்போது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒன்றும் புரிவதில்லை. அறிக்கை தப்பா? மருந்தில் கோளாறா? எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியா?

பல நேரங்களில் இந்த மூன்றுமே காரணமாக இருக்காது. அறிக்கை உண்மையைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அது சோதித்தது தனியாக வேகமாகப் பெருகும் பாக்டீரியாவை. உடலுக்குள் இருப்பது ஒரு பரப்பில் ஒட்டி, கூட்டாகக் கூழுக்குள் புதைந்து வாழும் பாக்டீரியா. இனம் ஒன்று, மரபணுக்கள் ஒன்று, நடத்தை மட்டும் முற்றிலும் வேறு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

தண்ணீரிலோ இரத்தத்திலோ தனித்தனியாக மிதந்தும் நீந்தியும் திரியும் பாக்டீரியாவை மிதவை நிலை பாக்டீரியா என்கிறோம். ஒரு பரப்பிலோ ஒன்றோடொன்றோ ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரந்த கூழுக்குள் கூட்டமாக வாழ்ந்தால் அந்த அமைப்புக்குப் பெயர் பயோஃபிலிம். தமிழில் உயிர்ப்படலம் என்றும் எழுதுகிறார்கள். பல்லில் படியும் மஞ்சள் படிவும், ஆற்றுக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும் படலமும், தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் விரலில் பிசுபிசுக்கும் பூச்சும் இதுதான்.

இது ஏதோ அபூர்வமான நிலை என்று நினைக்க வேண்டாம். பூமியில் உள்ள பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியா போலவே ஒற்றைச் செல்லாக வாழும் வேறொரு நுண்ணுயிர்ப் பிரிவு) செல்களில் ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதம் வரை உயிர்ப்படலங்களில் வாழ்வதாக ஹான்ஸ்-கர்ட் ஃப்ளெமிங், ஸ்டெஃபான் வூர்ட்ஸ் இருவரும் 2019இல் மதிப்பிட்டார்கள். மிதந்து திரிவதை ஒரு பயணம் என்று வைத்துக்கொண்டால், ஒட்டி வாழ்வதுதான் குடித்தனம்.

அப்படியிருந்தும் நுண்ணுயிரியல் நெடுங்காலம் மிதவை நிலையையே படித்தது. அதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. எந்த நோய்க்கு எந்தக் கிருமி காரணம் என்று நிரூபிக்க ராபர்ட் காக் 1880களில் வகுத்த வழி, ஒரே ஒரு இனத்தைத் தனியாகப் பிரித்துத் தூய்மையாக வளர்ப்பது. அந்த வழி காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளைக் காட்டிக்கொடுத்தது. அதிலிருந்து, சத்து நிறைந்த திரவத்தில் குலுக்கி வளர்ப்பதே பாக்டீரியாவைப் படிக்கும் வழி என்று பழகிப்போயிற்று. குலுக்கும் குடுவையில் ஒட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. அங்கே ஒட்டுகிற குணமுள்ளவை அடுத்த குடுவைக்குப் போவதும் குறைவு.

குறிப்புகள் மட்டும் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தன. 1680களில் அன்டோனி வான் லேவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டிய படிவை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் ‘சிறு விலங்குகளை’ விவரித்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகரால் வாயைக் கழுவியும் பார்த்தார். படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று பதிவு செய்தார். பாக்டீரியா என்ற பெயரே பிறக்காத காலத்தில், இன்றைய மருத்துவச் சிக்கலின் சாரத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

1943இல் கடல் நுண்ணுயிரியலாளர் கிளாட் சோபெல் இன்னொன்றைக் காட்டினார். கடல்நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் பாக்டீரியா பெருகுகிறது. பாட்டில் சிறிதாக ஆக, அதாவது நீரின் அளவோடு ஒப்பிடும்போது கண்ணாடிப் பரப்பு கூடக் கூட, பெருக்கமும் கூடுகிறது. காரணம், நீரில் மிக மெல்லியதாகக் கரைந்திருக்கும் சத்துகள் கண்ணாடியில் படிந்து செறிவாகின்றன. உணவு எங்கே குவிகிறதோ அங்கே பாக்டீரியாவும் குவிகிறது. இந்தத் துணுக்குகளை எல்லாம் இணைத்து, ஒட்டி வாழ்வதே பாக்டீரியாவின் பொதுவான வழக்கம் என்று 1978 முதல் விடாமல் வாதாடி ஒரு துறையாகவே ஆக்கியவர் கனடாவைச் சேர்ந்த வில்லியம் காஸ்டர்டன்.

ஒட்டுவது ஏன் கடினம்

பாக்டீரியா சுவரில் மோதினாலே ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றும். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாகச் சில தடைகளைத் தாண்ட வேண்டும்.

1. சுமார் இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஓர் உயிருக்குத் தண்ணீர் நமக்கு இருப்பதுபோல் இருக்காது. பாகு போல் இருக்கும். இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் கணக்கிட்டுச் சொன்னபடி, நீந்தும் பாக்டீரியா தன் மோட்டாரை நிறுத்தினால், அது நிற்பதற்குள் நகரும் தூரம் ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. உந்தத்தை நம்பிப் பரப்பை முட்ட முடியாது. ஒவ்வொரு அடியையும் உந்தியே தீர வேண்டும்.

2. பாக்டீரியாவின் மேற்புறத்தில் எதிர் மின்னூட்டம். இயற்கையில் உள்ள பெரும்பாலான பரப்புகளிலும் அதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதேசமயம் வான்டெர்வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பும் உண்டு. இரண்டும் சமன்படும் இடத்தில், பரப்பைத் தொடாமல் சில நானோமீட்டர் தள்ளி, பாக்டீரியா தொற்றிக்கொண்டு நிற்கும். லேசான நீரோட்டமே அதைக் கழுவிவிடும். இதை மீளக்கூடிய ஒட்டுதல் என்பார்கள்.

3. நீரில் போட்ட எந்தப் பரப்பும் வெறுமையாக இருப்பதில்லை. சில நிமிடங்களுக்குள் புரதங்களும் பிற கரிமப் பொருள்களும் அதன்மேல் படிந்துவிடுகின்றன. உடலுக்குள் வைத்த டைட்டானியம் இரத்தப் புரதங்களைப் போர்த்திக்கொள்கிறது. பாக்டீரியா சந்திப்பது உலோகத்தை அல்ல, இந்தப் போர்வையை. ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவற்றிடம் அந்தப் புரதங்களையே கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கின்றன.

இந்த இடைவெளியைத் தாண்டப் பாக்டீரியாவிடம் நீட்சிகள் உள்ளன. சுழன்று நீந்த வைக்கும் கசையிழை ஒன்று. பைலி என்ற மெல்லிய புரத இழைகள் இன்னொன்று. நான்காம் வகைப் பைலி நீண்டு போய்ப் பரப்பைப் பற்றி, பிறகு சுருங்கி, செல்லையே இழுத்துச் செல்லும். தூண்டில் வீசித் தன்னையே இழுத்துக்கொள்வது மாதிரி.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலையின் பிடிமானம் இன்னும் நுட்பமானது. அதன் இழை நுனியில் உள்ள ஃபிம்எச் என்ற புரதம் சிறுநீர்ப்பைச் செல்களில் உள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றுகிறது. நீரோட்டம் இழுக்கும்போது பிடி தளர வேண்டும் அல்லவா? இங்கே பிடி இறுகுகிறது. சுருக்கு முடிச்சை இழுக்க இழுக்க இறுகுவது போல, விசை பட்டதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறிச் சர்க்கரையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. 2002இல் இது சோதனையில் காட்டப்பட்டது. சிறுநீர் அடித்துச் செல்லும் நேரத்தில் பிடித்துக்கொள்ளவும், ஓட்டம் நின்றபின் நகர்ந்து பரவவும் வேண்டிய உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பிடி வேறு இருக்க முடியாது.

பிடியின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: நன்னீரில் வாழும் காலோபாக்டர் கிரெசென்டஸ் தன் முனையில் ஒரு துளிப் பசையைச் சுரந்து ஒட்டுகிறது. 2006இல் அளந்தபோது அந்தப் பசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 68 நியூட்டன் வரை தாங்கியது. ஏறத்தாழ ஏழு கிலோ எடையை ஒரு சதுர மில்லிமீட்டரில் தொங்கவிடுவதற்குச் சமம்.

தொட்டுவிட்டோம் என்று எப்படித் தெரியும்

இந்தப் பொருளில் மிகவும் ஈர்க்கும் கேள்வி இதுதான். கண்ணில்லை, நரம்பில்லை. ஒரே ஒரு செல். சுவரை அடைந்ததை அது எப்படி அறிகிறது?

1988இல் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கடல் பாக்டீரியாவில் லிண்டா மெக்கார்ட்டரும் சக ஆய்வாளர்களும் ஒரு விடை கண்டார்கள். திறந்த நீரில் அது ஒரே ஒரு கசையிழையால் நீந்துகிறது. பரப்புக்கு வந்ததும் உடல் முழுக்கப் பல கசையிழைகளை முளைக்கவிட்டு ஊர்ந்து பரவுகிறது. பரப்பே இல்லாமல், நீரைக் கெட்டியாக்கும் பொருளைச் சேர்த்தாலும் அதே மாற்றம் நடந்தது. ஒற்றைக் கசையிழை சுழல முடியாமல் திணறுவதைத்தான் அது ‘பரப்பு வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது என்பது தெளிவானது. நீந்த உதவும் மோட்டாரே தொடு உணர்வு உறுப்பாகவும் வேலை செய்கிறது. மோட்டாரின் சுமை கூடினால், அது தகவல்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா முக்கியமாகப் பைலியை நம்புகிறது. இழையை நீட்டி இழுக்கும்போது மறுமுனை எதிலாவது மாட்டியிருந்தால் இழுவிசை எழும். அந்த விசை செல்லுக்குள் வேதிச் செய்தியாக மாறுகிறது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. ஒருமுறை பரப்பைத் தொட்டுவிட்டுப் பிரிந்து போன செல்லின் சந்ததிகள், பரப்பைத் தொடாத செல்களின் சந்ததிகளைவிட அடுத்த முறை ஒட்டுவதற்கு ஆயத்தமாக இருந்தன. தொட்ட அனுபவத்தின் தடயம் செல் பிரிவுகளைத் தாண்டியும் நீடிக்கிறது. இங்கே மரபணு மாறவில்லை. உள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் அளவும் பைலியின் இயக்கமும்தான் அந்த நினைவைச் சுமக்கின்றன.

இதே இனத்தில் மற்றொரு வழக்கமும் உண்டு. ஒட்டிய செல் பிரியும்போது மகள் செல்களில் ஒன்று அங்கேயே தங்குகிறது, மற்றொன்று நீந்திப் போய் வேறு இடத்தில் ஒட்டுகிறது. ஓரிடத்தில் கால் ஊன்றும்போதே அடுத்த இடத்துக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது.

முடிவெடுக்கும் மூலக்கூறு

சரி, தொட்டாயிற்று, செய்தியும் வந்துவிட்டது. நீந்துவதை நிறுத்திக் குடியேறலாமா என்ற முடிவு எங்கே நடக்கிறது? பல பாக்டீரியாக்களில் அதன் மையத்தில் இருப்பது சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறு. இதை 1987இல் கண்டுபிடித்தது ஜெருசலேமில் மோஷே பென்சிமான் தலைமையில் இயங்கிய குழு. அவர்கள் தேடியது உயிர்ப்படலத்தை அல்ல. செல்லுலோஸ் தயாரிக்கும் ஒரு பாக்டீரியாவில் அந்தத் தயாரிப்பைத் தூண்டுவது எது என்று தேடினார்கள். பிறகுதான், அந்தத் தூண்டல் பாக்டீரியா உலகில் பரவலாக இருக்கும் ஒரு பொது ஆணை என்று தெரிந்தது.

- செல்லுக்குள் இதன் அளவு உயர்ந்தால் கசையிழையின் இயக்கம் அடங்கும், பசையும் கூழும் சுரக்கும். செல் குடியேறும்.
- அளவு இறங்கினால் கூழ்ச் சுரப்பு நிற்கும், கசையிழை இயங்கும். செல் கிளம்பிவிடும்.

இதை உண்டாக்கும் நொதிகள் ஒரு பக்கம், உடைக்கும் நொதிகள் மறுபக்கம். ஒரே பாக்டீரியாவில் இரண்டு வகையிலும் பல நொதிகள் இருப்பது உண்டு. ஆக்சிஜன், சத்து, தொடுகை என்று ஒவ்வொரு நொதியும் ஒவ்வொரு செய்திக்குக் காது கொடுக்கிறது. எல்லாக் குரல்களும் சேர்ந்து இந்த ஒரு மூலக்கூறின் அளவைத் தீர்மானிக்கின்றன. மிதவை நிலையும் படல நிலையும் ஒரே செல்லின் இரண்டு முகங்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் இதில்தான் இருக்கிறது. அளவைக் கூட்டினால் ஒரு முகம், குறைத்தால் மறு முகம்.

கூழும் அதற்குள் உருவாகும் ஊரும்

குடியேறிய செல்கள் பெருகிச் சிறு திட்டுகளாகின்றன. சுற்றிலும் கூழ் சேர்கிறது. இந்தக் கூழை வெறும் சளி என்று ஒதுக்கினால் விஷயம் புரியாது. பெரும்பாலான உயிர்ப்படலங்களில் நீரை நீக்கிவிட்டு எடை போட்டால் பாக்டீரியா செல்கள் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதமெல்லாம் இந்தக் கூழ்ப்பொருள்தான். சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், கொழுப்புகள், அப்புறம் டிஎன்ஏ.

டிஎன்ஏ இருப்பதை முதலில், செத்த செல்களிலிருந்து சிந்திய குப்பை என்றுதான் நினைத்தார்கள். 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டிஎன்ஏவை வெட்டும் நொதியைச் சூடோமோனாஸ் படலத்தில் ஊற்றினார்கள். இளம் படலம் கரைந்துபோனது. முதிர்ந்த படலம் கரையவில்லை. ஆரம்பக் கட்டத்தில் டிஎன்ஏ நூல்தான் கட்டடத்தைத் தாங்குகிறது, பிறகு வேறு பொருள்கள் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. இளம் படலம், முதிர்ந்த படலம் என்ற இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு வரும்போது இது தேவைப்படும்.

கூட்டம் சேர்ந்துவிட்டதா என்பதையும் பாக்டீரியா அறியும். ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு வேதிப்பொருளை வெளிவிடுகிறது. செல்கள் நெருங்க நெருங்க அதன் செறிவு கூடி, ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து நடத்தையை மாற்றுகின்றன. ஆங்கிலத்தில் கோரம் சென்சிங் என்கிறார்கள், கூட்டம் நடத்தத் தேவையான ஆள்பலம் இருக்கிறதா என்று பார்ப்பது போன்றதால். 1998இல், இந்தச் செய்தியை அனுப்ப முடியாத சூடோமோனாஸ் வகை தட்டையான, எளிதில் கலைந்துவிடும் படலத்தையே கட்டியது என்று காட்டினார்கள். 2015இல் வெளியான ஆய்வோ, பாசில்லஸ் சப்டிலிஸ் படலத்தில் பொட்டாசியம் அயனிகள் வழியாக மின் அலை செல்லுக்குச் செல் பரவுவதைக் காட்டியது. நரம்புச் செல்களில் நடப்பதற்கு ஓரளவு ஒப்பான நிகழ்வு.

படலம் தடிக்கும்போது உள்ளே ஏற்றத்தாழ்வு வருகிறது. மேலே இருக்கும் செல்கள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோகலாம். சத்தும் அப்படித்தான். மேலே இருப்பவை வேகமாகப் பெருகும். நடுவில் இருப்பவை மந்தமாகும். அடியில் இருப்பவை ஏறக்குறைய உறங்கும். ஒரே குடும்பத்துச் செல்கள் ஒரு முடியின் தடிமனுக்குள் இத்தனை விதமாக வாழ்கின்றன.

மரபணுவே மாறும்போது

இதுவரை சொன்னவை நடத்தை மாற்றங்கள். திரும்ப மாறக்கூடியவை. பரப்பு வாழ்க்கைக்கான தழுவல் பரிணாமமாகவும் நடக்கிறது, அதுவும் கண்முன்னே, சில நாட்களுக்குள்.

1998இல் பால் ரெய்னி, மைக்கேல் டிராவிசானோ இருவரும் செய்த சோதனை எளிமையானது. ஒரே செல்லிலிருந்து வந்த சூடோமோனாஸ் ஃப்ளுவோரசென்ஸ் பாக்டீரியாவை இரண்டு விதமான குப்பிகளில் வளர்த்தார்கள். ஒன்றைத் தொடர்ந்து குலுக்கினார்கள், மற்றதை அசையாமல் வைத்தார்கள். குலுக்கியதில் வகை மாறவில்லை. அசையாத குப்பியில் சில நாட்களில் புதிய வடிவங்கள் தோன்றின. அவற்றில் ஒன்று சுருக்கம் சுருக்கமான கொத்துகளாக வளர்ந்து, திரவத்தின் மேற்பரப்பில் பாய் விரித்தது போல் ஒரு படலம் கட்டியது.

காரணத்தை இப்படிக் கோக்கலாம்:

1. அசையாத திரவத்தில் பாக்டீரியா பெருகியதும் ஆக்சிஜன் தீர்கிறது. மேற்பரப்பில் மட்டும் காற்று உண்டு.
2. மேலே தங்க வேண்டுமானால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் கட்ட வேண்டும். தனி ஆளாக அங்கே நிற்க முடியாது.
3. சைக்ளிக் டை-ஜிஎம்பியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில், குறிப்பாக டபிள்யூஎஸ்பி என்ற தொகுப்பில், பிறழ்வு ஏற்பட்ட செல்களில் ‘குடியேறு’ என்ற ஆணை அணையாமல் எரிகிறது. அவை ஓயாமல் செல்லுலோஸ் வகைப் பசையைச் சுரக்கின்றன. பிரிந்த மகள் செல்கள் விலகாமல் ஒட்டியே நிற்கின்றன.
4. பாய்க்குள் பசை சுரக்காத செல்கள் மறுபடி தோன்றுகின்றன. பசைக்குச் செலவிடாமல் காற்றை மட்டும் அனுபவிப்பதால் அவை வேகமாகப் பெருகுகின்றன. அவை மிகுந்தால் பாய் வலுவிழந்து மூழ்குகிறது.

நான்காவது படியை ரெய்னி குழுவினர் 2003இல் காட்டினார்கள். கூட்டு வாழ்க்கை எங்கே உருவானாலும் அதைச் சுரண்டும் போக்கும் கூடவே முளைக்கும் என்பதை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் பார்க்க முடிகிறது.

இது ஆய்வகத்துக்கு மட்டும் உரிய காட்சியல்ல. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் சூடோமோனாஸ் ஏருஜினோசா பல ஆண்டுகள் தங்கிவிடும். அவர்களின் சளியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவிலும் இதே டபிள்யூஎஸ்பி தொகுப்பில் பிறழ்வு கொண்ட சுருக்க வடிவங்கள் கிடைக்கின்றன. ஆல்ஜினேட் என்ற கூழை அளவுமீறிச் சுரக்கும் வடிவங்களும் உண்டு. வேறு இனம், வேறு இடம், ஆனால் பரிணாமம் அழுத்துவது அதே பொத்தானை.

நன்மை செய்யும் படலங்கள்

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா நகரில் அந்த அளவுக்குப் பரவவில்லை. இரண்டு நகரங்களும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. அல்டோனா எடுத்தது ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பிறகு வரும் நீரை. ஆனாலும் அது மணல் படுகை வழியாக மெதுவாக வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் வடிகட்டவில்லை. இதை ஆராய்ந்த ராபர்ட் காக், மணலின் மேல் படியும் கொழகொழப்பான படலம்தான் கிருமியைத் தடுக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். தூய வளர்ப்பின் தந்தை, கலப்புப் படலத்தின் பயனைக் கண்டுசொன்ன இடம் இது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பிளாஸ்டிக் துண்டுகளிலும் கற்களிலும் படலத்தை வளரவிடுவதும் இதே அடிப்படையில்தான். எந்தப் படலம், எங்கே என்பதைப் பொறுத்தே நல்லதும் கெட்டதும்.

மருந்து ஏன் தோற்கிறது

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். ‘கட்டுப்படும்’ என்ற முடிவு பெரும்பாலும் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்ற அளவை வைத்துச் சொல்லப்படுகிறது. சத்துள்ள திரவத்தில் பாக்டீரியாவைப் போட்டு, எவ்வளவு மருந்து சேர்த்தால் ஓர் இரவில் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது. தட்டில் மருந்து வில்லை வைக்கும் முறையிலும் புதிதாகப் பரப்பிய, வேகமாகப் பெருகும் செல்கள்தான் சோதிக்கப்படுகின்றன. முதிர்ந்த படலத்தைக் கொல்ல அந்த அளவைப்போல் நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு மருந்தும் தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது.

இதற்கு ஒரே காரணம் இல்லை.

1. *கூழ் தாமதப்படுத்துகிறது.* மருந்து நுழையவே முடியாது என்று பரவலாக எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. பல மருந்துகள் உள்ளே போய்விடும். அமினோகிளைகோசைடு வகை மட்டும் கூழில் உள்ள எதிர் மின்னூட்டப் பொருள்களில் சிக்கித் தாமதமாகும். பென்சிலின் வகையை உடைக்கும் நொதிகள் இருந்தால், படலத்தின் மேற்பகுதியிலேயே மருந்து சிதைந்துபோகும்.

2. *உள்ளே இருப்பவை பெருகவில்லை.* பென்சிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்கிறது. கட்டுமானமே நடக்காத செல்லில் கெடுக்க என்ன இருக்கிறது? ஆக்சிஜனும் சத்தும் இல்லாத அடுக்கில் உறங்கும் செல்களுக்கு அந்த உறக்கமே கவசம். என் மதிப்பீட்டில் இதுவே முதன்மைக் காரணம். கூழைப் பற்றி அதிகம் பேசுகிறோம், உறக்கத்தைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோம்.

3. *விடாக்கண்டன் செல்கள்.* 1944இல் ஜோசப் பிக்கர், ஸ்டஃபிலோகாக்கஸ் மீது பென்சிலினைச் செலுத்தியபோது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு செல் பிழைப்பதைக் கண்டார். அதை வளர்த்தால் சந்ததி பழையபடி பென்சிலினுக்குச் சாகிறது. எனவே அது மரபணு மாற்றம் இல்லை. இவற்றை அவர் பெர்சிஸ்டர் என்றார். படலங்களில் இவை கணிசமாக இருக்கின்றன. கூழ் இவற்றை நோய் எதிர்ப்புச் செல்களிடமிருந்தும் மறைக்கிறது. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் பெருகுவது இவையே.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். செய்திகளில் பெரும்பாலும் இவை கலந்துவிடுகின்றன. எதிர்ப்புத்திறன் என்பது, மருந்து இருக்கும்போதே பாக்டீரியா பெருக முடிவது. மரபணுவில் உள்ள மாற்றத்தால் வருவது, சந்ததிக்கும் போவது. தாங்குதிறன் என்பது, மருந்து இருக்கும்வரை பெருகாமல், ஆனால் சாகாமல் தாக்குப்பிடிப்பது. படலத்தைக் கலைத்துச் செல்களைத் தனித்தனியாக்கினால் பெரும்பாலும் அதே மருந்துக்கே அவை சாகும். ஆய்வக அறிக்கை முதலாவதைப் பற்றிப் பேசுகிறது. நோயாளி அவதிப்படுவது இரண்டாவதால். இரண்டும் தொடர்பற்றவையும் அல்ல. செல்கள் நெருக்கமாக இருக்கும் படலத்தில் எதிர்ப்பு மரபணுக்கள் கைமாறுவது எளிது. தாங்கிப் பிழைத்திருக்கும் காலம் நீள நீள, உண்மையான எதிர்ப்புத்திறன் தோன்றவும் அவகாசம் கூடுகிறது.

சிகிச்சை எங்கே நிற்கிறது

செயற்கை மூட்டில் தொற்று வந்து சில வாரங்களே ஆகியிருந்து, மூட்டு உறுதியாகவும் இருந்தால், அறுவை செய்து சுற்றியுள்ள திசுவைச் சுரண்டிக் கழுவி, மூட்டை அப்படியே விட்டு, மருந்து கொடுத்துப் பார்ப்பது உண்டு. தொற்று நாள்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் மூட்டையே எடுக்கிறார்கள். இளம் படலத்துக்கும் முதிர்ந்த படலத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த முடிவின் பின்னால் இருக்கிறது. தொற்றுக்கு ஆளான சிறுநீர்க் குழாயை மாற்றுவதும், பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுப்பதும் இதே தர்க்கம். வேதிப்பொருள் தோற்கும் இடத்தில் இயந்திர விசை வெல்கிறது.

ஒட்டவிடாமல் தடுக்கும் பூச்சுகள், கூழை வெட்டும் நொதிகள், கூட்டச் செய்தியைக் குழப்பும் பொருள்கள் எனப் பல வழிகளில் ஆராய்ச்சி நடக்கிறது. இவற்றில் அதிக நம்பிக்கை தருவது, பாக்டீரியாவையே கிளம்ப வைப்பது. படலத்தில் உள்ள செல்கள் சத்து தீரும்போது தாமாகவே கூழைக் கரைத்துக்கொண்டு வெளியேறுவது வழக்கம். மிகக் குறைந்த அளவு நைட்ரிக் ஆக்சைடு, சில பாக்டீரியாக்களில் சைக்ளிக் டை-ஜிஎம்பியின் அளவை இறக்கி இந்த வெளியேற்றத்தைத் தூண்டுகிறது. வெளியே வந்த செல் மிதவை நிலைக்குத் திரும்புகிறது, மருந்தும் மறுபடி வேலை செய்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எலிகளின் புண்ணில் இருந்த படலத்தை நொதிகளால் கலைத்துவிட்டு மருந்து கொடுக்காமல் விட்டபோது, ஓரிடத்தில் அடங்கியிருந்த பாக்டீரியா இரத்தத்தில் பரவி எலிகள் இறந்தன. எனவே கலைப்பதும் கொல்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கலைந்த செல்கள் அடுத்த பரப்பைத் தொட்டு ஒட்டுவதற்கு முன்பாக, மருந்து போதுமான அளவில் அங்கே காத்திருக்க வேண்டும்.